கப்பித்தான் காதர் முகைதீன் மரைக்காயர்

பினாங்குப் பட்டணத்தில் வியாபாரம் செய்யும் நம்மவர்களில் கப்பித்தான் பள்ளிவாசலை அறியாதவர் ஒருவரும் இரார். ஜும்ஆ நாளில் கடைக் கதவை மூடிவிட்டு அங்கேதான் விரைகிறோம். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பையனுக்கு முதலில் காட்டிக் கொடுக்கும் இடமும் அதுவே. ஆனால் அந்தக் கப்பித்தான் யார், எந்த ஊரார், என்ன தொழில் செய்தார், அவர் ஏற்படுத்திச் சென்றது இன்றுவரை எப்படி நிலைத்தது என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். நம்மைப் போலவே கடல் கடந்து வந்து, சரக்கு விற்றுப் பொருள் தேடிய ஒரு வியாபாரியின் சரித்திரம் அது. ஆகையால் சங்கத்துச் சகோதரர்கள் தெரிந்துகொள்ளும் பொருட்டு, நாம் அறிந்த மட்டில் இங்கே எழுதுகிறோம்.

அவர்களுடைய பெயர் காதர் முகைதீன். மரைக்காயர் குலத்தவர். சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. சோழமண்டலக் கரையில் சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் பழைய துறைமுகம் அது. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் ஒருவர் பின் ஒருவராக அங்கே கிட்டங்கி போட்டார்கள். நம்முடைய முன்னோர் அதை மஹ்மூது பந்தர் என்று அழைத்தார்கள். சுற்றுவட்டாரத்து நெசவுத் துணிகள் அங்கிருந்து கப்பலேறிக் கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்றன. 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஹைதர் அலியின் படைக்கும் கும்பெனிப் படைக்கும் பெரிய சண்டை நடந்ததும் அந்த ஊரின் அருகிலேதான். யுத்தத்தால் அக்கரையோர ஊர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. நெசவும் விவசாயமும் குலைந்த காலத்தில், கடல் தெரிந்த குடும்பங்கள் கடலையே நம்பின.

கடல் நம்மவர்க்குப் புதிதன்று. கடாரம் என்று பழந்தமிழர் சொன்ன கெடா நாட்டுத் துறைகளில், பினாங்குப் பட்டணம் உண்டாவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே, தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் துணி கொண்டுவந்து விற்று ஈயமும் பாக்கும் மிளகும் கொண்டு போனார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வருவதும், வடகிழக்குக் காற்று திரும்பியதும் ஊர் போவதும் வழக்கம். அவர்களை மலாய்க்காரரும் வெள்ளைக்காரரும் சூலியா என்று சொன்னார்கள். சோழ நாடு என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். கெலிங் என்ற பெயரும் கலிங்கம் என்பதிலிருந்து வந்தது. அந்நாளில் அது இந்தியக் கரையிலிருந்து வந்தவர் என்ற பொருளில் மட்டுமே வழங்கியது. இந்நாளில் அது மனத்தைப் புண்படுத்தும் சொல்லாகிவிட்டாலும், பள்ளிவாசலின் பெயரில் பழைய பொருளோடு நிற்கிறது.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி கேப்டன் பிரான்சிஸ் லைட் கும்பெனியின் பேரால் இத்தீவில் கொடி ஏற்றினார். வந்து இறங்கும் சரக்குக்குத் தீர்வை வேண்டாம் என்றதும் வியாபாரிகள் திரண்டார்கள். கெடாவில் கடை வைத்திருந்த நம்மவர்களில் பலர் எதிர்க்கரைக்கு மாறினார்கள். 1794ஆம் ஆண்டில் லைட் துரை மேலிடத்துக்கு எழுதிய கணக்குப்படி இங்கே நிலையாக இருந்த சூலியாக்கள் சுமார் 1,000 பேர். அவர்களை அல்லாமல் ஒவ்வோர் ஆண்டும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, உழைத்துச் சம்பாதித்துத் திரும்பினார்கள். கடை வைத்தவர், கூலி வேலை செய்தவர், படகு தள்ளியவர் எல்லாரும் அதில் அடக்கம். இந்தக் கூட்டத்தின் நடுவே, கடல் வாணிபத்தில் பொருளும் பெயரும் சேர்த்துத் தலை நிமிர்ந்தவர்தான் காதர் முகைதீன் மரைக்காயர் அவர்கள்.

அக்காலத்து வியாபாரம் எப்படிப்பட்டது என்பதை இன்று கடையில் உட்கார்ந்து போனில் சரக்குக் கேட்கும் நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாங்கி கிடையாது, தந்தி கிடையாது. ஊரில் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டால், அது விற்றதா மூழ்கியதா என்று தெரிய மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பினாங்கில் துணி விற்ற பணத்தைக் கொண்டு அச்சைக் கரையில் மிளகு வாங்கினார்கள். கெடாவிலிருந்து வந்த பாக்கும் தகரமும் கொண்டார்கள். கணக்கு ஸ்பானிய வெள்ளி டாலரில் நடந்தது. இந்தத் தீவுக்காக 1791ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கெடா சுல்தானுக்குக் கும்பெனி கொடுத்த தொகையே ஆண்டுக்கு 6,000 டாலர்தான் என்றால் அந்த டாலரின் மதிப்பு விளங்கும். ஆள் மேல் ஆள் வைத்த நம்பிக்கையே அவர்களுக்கு முதல். அது ஒரு முறை கெட்டால் சோழமண்டலக் கரை முழுவதும் கெட்டது.

கும்பெனியார் இத்தனை சாதியாரையும் தாமே நேரில் ஆளத் திறமில்லாதவராய், ஒவ்வொரு வகுப்பாருக்கும் ஒரு தலைவரை நியமித்து அவர் மூலமாகவே காரியம் பார்த்தார்கள். அந்தத் தலைவருக்குக் கப்பித்தான் என்று பெயர். மலாக்காவில் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வந்த வழக்கம். சீனருக்குக் கோ லே ஹுவான் என்பவர் கப்பித்தானாக இருந்தார். அவரும் கெடாவிலிருந்து வந்த வியாபாரியே. 1800ஆம் ஆண்டில் ஸர் ஜார்ஜ் லீத் துரை இங்கே லெப்டினண்ட் கவர்னராக வந்தார். அடுத்த ஆண்டு, அதாவது 1801இல், அவர் காதர் முகைதீன் மரைக்காயர் அவர்களைச் சூலியாக்களின் கப்பித்தானாக நியமித்தார்.

அந்தப் பதவி வெறும் தலைப்பாகை மரியாதையன்று. நம்மவர்க்குள் கடன் தகராறு, கூலித் தகராறு, குடும்பச் சண்டை ஆகிய சில்லறை வழக்குகளை அவரவர் தலைவர்களே தீர்த்து வைத்த காலம் அது. 1807ஆம் ஆண்டில் இங்கிலாந்து ராஜாவின் சாசனம் வந்து, அடுத்த ஆண்டு ரிக்கார்டர் கோர்ட்டு திறக்கப்பட்ட பிறகே அந்த அதிகாரம் போயிற்று. ஆயினும் மரியாதை போகவில்லை. கோர்ட்டு ஏறப் பணமும் பாஷையும் இல்லாத ஏழை, தன் மொழி பேசும் பெரியவரிடம்தான் முதலில் போவான். இன்றும் அப்படித்தானே?

இனி, அவர்கள் பெயரை நிலைநிறுத்திய காரியத்துக்கு வருவோம்.

கும்பெனிப் படையில் இருந்த முஸ்லிம் சிப்பாய்களும் ஹவில்தார்களும் ஆரம்பத்தில் தொழுவதற்குச் சிறு இடம் ஒன்று ஏற்படுத்தியிருந்ததாகச் சொல்வார்கள். ஆயிரம் ஆயிரமாக மக்கள் பெருகும் பட்டணத்துக்கு அது போதவில்லை. நிலையான பள்ளிவாசல் ஒன்று வேண்டும் என்று நம்மவர் கேட்டார்கள். 1801ஆம் ஆண்டில் லீத் துரை, அன்று மலபார் தெரு என்று வழங்கிய சூலியா தெருவின் தென்புறத்தில் 18 ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்கென்று கொடுத்தார். கப்பித்தான் அவர்கள் இந்தியாவிலிருந்து கொத்தர்களையும் கற்களையும் தருவித்துப் பள்ளியைக் கட்டுவித்தார்கள்.

18 ஏக்கர் என்றால் எவ்வளவு என்று நம் கடைக் கணக்கில் போட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய 7,84,000 சதுர அடி வருகிறது. முகப்பு இருபது அடியும் ஆழம் நூறு அடியும் உள்ள கடைமனை ஒன்றுக்கு 2,000 சதுர அடி. தெருவுக்கு இடம் விடாமல் கணக்கிட்டால் 390 கடைமனைக்கு மேல் ஆகிறது. பட்டணத்தின் நடுமத்தியில், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நிலம். ஒரு பள்ளிவாசல் நிற்க இவ்வளவு வேண்டியதில்லை. பள்ளியைச் சுற்றி அடக்கஸ்தலம், குடியிருப்பு, குத்தகை நிலம் எல்லாம் இருந்து, அதன் வருமானத்தால் விளக்கு எரிய வேண்டும், இமாமுக்குச் சம்பளம் நடக்க வேண்டும், வழிப்போக்கனுக்கு நிழல் கிடைக்க வேண்டும். கட்டடத்தோடு அதன் வயிற்றுப்பாட்டுக்கும் வழி இருந்ததால்தான் பள்ளி பிழைத்தது. கட்டி விட்டுப் பின்னால் வசூல் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

அந்த ஒரே தெருவைச் சுற்றி அன்று எத்தனை ஜாதியார் எத்தனை ஆலயம் எழுப்பினார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. பிட் தெருவில் 1800இல் சீனருடைய குவான் யின் கோயில், 1801இல் நம் பள்ளி, 1818இல் தெருவின் வடகோடியில் செயின்ட் ஜார்ஜ் மாதா கோயில், 1833இல் பக்கத்துக் குயின் தெருவில் மாரியம்மன் கோயில். சற்றுத் தள்ளி அச்சைத் தெருவில் ஸையிது ஹுஸைன் என்னும் அச்சை நாட்டுப் பெருவணிகர் 1808இல் ஒரு பள்ளி கட்டினார். சூலியா தெருவிலேயே நாகூர் ஆண்டகை அவர்கள் பெயரால் ஒரு தர்காவும் அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. பிழைக்க வந்தவர்கள் எல்லாரும் வந்த இடத்தில் வேர் ஊன்ற நினைத்தார்கள். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பட்டணத்தை உலகப் பாரம்பரிய ஸ்தலமாக ஏற்றதற்கு இந்தத் தெருக்களும் ஒரு காரணம்.

கப்பித்தான் அவர்களுடைய குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்நாளில் கடலோடும் மரைக்காயர்களில் பலருக்கு ஊரில் ஒரு வீடும் இங்கே ஒரு வீடும் இருந்தன. இங்கே மலாய்ப் பெண்களை மணந்து பிறந்த பிள்ளைகளை ஜாவிப் பிரானாக்கான் என்று அழைத்தார்கள். தகப்பன் வழியில் தமிழும் தாய் வழியில் மலாயும் அவர்களுக்குச் சொந்தம். கப்பித்தான் அவர்களுக்குக் கெடா அரச குலத்தோடு மணவுறவு இருந்ததாக அவர்கள் வழி வந்தோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மரைக்காயர் என்ற பட்டமோ மலாய் நாவிலும் இங்கிலீஷ் எழுத்திலும் உருண்டு மெரிக்கான் ஆயிற்று. இன்று அப்பெயர் கொண்ட வைத்தியர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மலேசியா எங்கும் இருக்கிறார்கள். எல்லாரும் இவர் வழியினர் அல்லர். வேறு மரைக்காயர்களும் வந்தார்கள் அல்லவா? தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத மெரிக்கான் வீட்டிலும், கல்யாணத்துக்குச் சமைக்கும் சில கறிகளிலும் உறவு முறைச் சொற்களிலும் பரங்கிப்பேட்டையின் வாசனை இன்னும் போகவில்லை.

அவர்கள் கண் எதிரிலேயே காலம் மாறியது. 1805இல் பினாங்கு தனி மாகாணமாக உயர்ந்தது. 1819இல் சிங்கப்பூர் தொடங்கியதும் வியாபாரம் தெற்கே சாய்ந்தது. 1821இல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்து, அகதிகள் இங்கே வந்து குவிந்தார்கள். 1832இல் தலைநகரமே சிங்கப்பூருக்குப் போய்விட்டது. எந்திர நெசவுத் துணி இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கி, நம் கரையின் கைத்தறித் துணியின் சந்தையைத் தின்றது. இவையெல்லாம் கண்டு, கப்பித்தானாகி 33 ஆண்டு கழித்து, 1834ஆம் ஆண்டில் அவர்கள் காலமானார்கள். பள்ளிக்கு அருகே கம்போங் கோலத்தில் அவர்களுடைய அடக்கஸ்தலம் இருக்கிறது. கோலம் என்பது மலாயில் குளம், நம் சொல்தான். சாலையோரம் போகிறவர்கள் ஒரு பாத்திஹா ஓதிச் செல்வது வழக்கம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. மௌத்தானவருடைய ஆஸ்தி அதற்குப் பிறகு என்ன பாடு படுகிறது என்பதில்தான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

நம்மவர்களில் பெருந்தனக்காரராக இருந்த இன்னொருவர் முகம்மது நூர்தீன். அவர் பெயரால் பட்டணத்தில் ஒரு தெருவே உண்டு. அவர் மரண சாசனம் எழுதி வைத்துப் போனார். வாரிசுகள் கோர்ட்டு ஏறினார்கள். 1871இல் பினாங்குக் கோர்ட்டு, இந்த ஊரில் செல்லுவது இங்கிலீஷ் சட்டமே என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஷரீஅத்துப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரண சாசனத்தால் கொடுக்கலாகாது. அந்த வரம்பு இங்கே கட்டாது என்று ஆயிற்று. கந்தூரிக்கென்று என்றைக்குமாக ஒதுக்கிய சொத்தோ பொதுத் தர்மம் அன்று என்று தள்ளப்பட்டது. பிள்ளை பேரன் என்று குடும்பத்துக்காகவே வைத்த வக்புகளும் இவ்வாறே பல இடங்களில் முறிந்தன. இங்கிலீஷ் சட்டம் சொத்தை முடிவில்லாமல் ஒரு குடும்பத்துக்குள் கட்டிப்போட விடாது. பொதுத் தர்மத்துக்கு மட்டுமே விதிவிலக்கு. இந்தியாவிலும் 1894ஆம் ஆண்டு லண்டன் பிரிவி கவுன்சில் இதே மாதிரி தீர்த்தது. பிறகு ஜின்னா சாகிபு கொண்டுவந்த 1913ஆம் ஆண்டு வக்புச் சட்டம் அங்கே அதை மாற்றியது.

பள்ளிவாசல் நிலத்தை எந்தக் கோர்ட்டும் இப்படித் தள்ள முடியவில்லை. ஊருக்கென்று, தொழுகைக்கென்று, சர்க்கார் கிராண்டோடு கொடுத்தது அது. சட்டம் காப்பாற்றியதைக் கைகள் கெடுக்கப் பார்த்தன. வருஷங்கள் போகப் போக வக்பு நிலங்களில் குடிசைகள் நெருங்கின. குத்தகைக் கணக்கு ஒழுங்காக இல்லை. எது பள்ளிச் சொத்து, எது தர்மகர்த்தாவின் சொத்து என்று பிரிக்க முடியாதபடி சிக்கல்கள் உண்டாயின. பட்டணத்தில் இருந்த முஸ்லிம் வக்புகள் பலவற்றிலும் இந்து தர்மங்கள் பலவற்றிலும் இதே புகார். கடைசியில் 1905ஆம் ஆண்டில் சர்க்கார் சட்டம் இயற்றி, முகம்மதிய இந்து தர்ம பரிபாலன போர்டு ஒன்றை ஏற்படுத்திற்று. நம்முடைய கணக்கை நாம் பார்க்காததால் வெள்ளைக்கார அதிகாரிகள் வந்து பார்த்தார்கள்.

அதனால் மானம் போனது உண்மை; ஆதாயம் வந்ததும் உண்மை. போர்டு நெருக்கமான குடிசைகளை அகற்றி, தெரு போட்டு, கடை வீடுகள் கட்டி வாடகையை உயர்த்திற்று. 1910ஆம் ஆண்டை ஒட்டி எச். ஏ. நியூப்ரோனர் என்ற கட்டடக் கலைஞர் முகலாய பாணியில் பள்ளியைப் பெரிதாக்கினார். நாம் இன்று காணும் குவிமாடங்களும் மினாராவும் அப்போதும் அதற்குப் பின்னும் எழுந்தவை. கப்பித்தான் கட்டிய தாழ்ந்த பள்ளி அந்த உருவத்துக்குள் அடங்கிவிட்டது. நாடு சுதந்திரம் அடைந்த பின் வக்புகளின் பொறுப்பு மாநில இஸ்லாமிய சமய மன்றத்துக்கு வந்தது. பிட் தெருவின் பெயரும் மாறி, மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை ஆயிற்று. இங்கிலாந்து மந்திரியின் பெயர் போன இடத்தில் பரங்கிப்பேட்டை வியாபாரியின் பெயர் வந்து நின்றது.

சகோதரர்களே! இதையெல்லாம் பழம்பெருமை பேசுவதற்காக எழுதவில்லை. நம் தெருவிலேயே ஒரு பெரியவர் இருந்தார். நாற்பது வருஷம் மளிகை வியாபாரம். தாம் மௌத்தான பின் ஊரில் உள்ள ஒரு கடையின் வாடகை மதரஸாவுக்குப் போக வேண்டும் என்று கேட்டவரிடமெல்லாம் சொல்லி வந்தார். நாமும் காதாரக் கேட்டோம். எழுத்தில் ஒரு வரி இல்லை. அவர் போன மூன்றாம் வருஷம் பிள்ளைகள் மூவரும் மூன்று வக்கீல் வைத்தார்கள். கடை விலை போயிற்று. மதரஸாவுக்குச் சல்லிக் காசு சேரவில்லை. அவருடைய எண்ணத்தில் குறை உண்டா? இல்லை. கடனுக்குக் கொடுத்த ஒரு மூட்டை அரிசியைப் பேரேட்டில் எழுதிய கை, தர்மத்துக்கு நினைத்த கடையை எழுதவில்லை. அவ்வளவுதான்.

நாம் கேட்டுக்கொள்வது மூன்று காரியங்கள். தர்மத்துக்கென்று ஏதேனும் நினைத்திருப்பவர்கள், உடம்பில் தெம்பிருக்கும்போதே சமய மன்றத்தின் முறைப்படி எழுத்தாக்கிச் சாட்சி வையுங்கள். எழுதும்போது இன்ன காரியத்துக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள். வக்புக் கடையில் குடியிருக்கும் நம்மவர், அடுத்த தெருவின் வாடகை என்ன, நாம் கொடுப்பது என்ன என்று நெஞ்சில் கைவைத்துப் பாருங்கள். குறைந்த வாடகையில் கடை நடத்தி, மேல்வாடகைக்கு அதையே விடுவது பள்ளியின் விளக்கு எண்ணெயில் கை வைப்பதாகும். சங்கங்களிலும் ஜமாஅத்துகளிலும் பொறுப்பு வகிப்போர், வருஷம் ஒரு முறை வரவு செலவைச் சபையில் படித்துக் காட்டுங்கள். கணக்குக் கேட்பவரைப் பகைவராக எண்ண வேண்டாம்.

கப்பித்தான் காதர் முகைதீன் மரைக்காயர் அவர்கள் விற்ற துணி கிழிந்து போயிற்று. அவர்கள் சரக்கு ஏற்றிய மரக்கலங்கள் மக்கிப் போயின. லாப நஷ்டம் எழுதிய பேரேடு எங்கே என்று கேட்பாரில்லை. 1801இல் அவர்கள் பொறுப்பில் வந்த நிலத்தில் இன்றும் ஐந்து வேளை பாங்கு கேட்கிறது. அல்லாஹ் அவர்களுடைய கப்றைப் பிரகாசமாக்கி வைப்பானாக. நம்முடைய கணக்கையும் இம்மையில் நாமே சரிசெய்துகொள்ளும் பாக்கியத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.